ஸ்பானிஷ்: 'எஸே' எங்கே முடிகிறது, 'அக்கெல்' எங்கே தொடங்குகிறது?

ஏற்காடு நர்சரி கேட்டது:

வணக்கம். நான் ஏற்காடு. வீட்டுக்காரர் ஸ்பெயினில், சரகோசாவில் ஒரு ஓட்டலில் சமையல் வேலை பார்க்கிறார். நானும் பையனும் அங்கே போய்ச் சேர்வதற்குள் டெலே என்ற ஸ்பானிஷ் தகுதித் தேர்வின் ஏ2 நிலை அளவுக்காவது ஸ்பானிஷ் வந்துவிட வேண்டும் என்று படித்துக்கொண்டிருக்கிறேன். பகல் முழுக்க நர்சரியில் செடிகளோடு போய்விடும். ராத்திரி பையன் தூங்கிய பிறகுதான் புத்தகம்.

வினைச்சொல் மாற்றங்களைக்கூட எப்படியோ மனப்பாடம் பண்ணிவிட்டேன். சுட்டுச்சொல்லில்தான் வண்டி நிற்கிறது. புத்தகத்தில் இப்படிப் போட்டிருக்கிறார்கள்: பக்கத்தில் இருந்தால் எஸ்தே, கொஞ்சம் தள்ளி இருந்தால் எஸே, ரொம்பத் தூரம் என்றால் அக்கெல். கூடவே ஒரு படம். ஒருவர் நிற்கிறார், அவர் காலடியில் ஒரு பந்து, நாலடி தள்ளி ஒரு பந்து, தூரத்து மரத்தடியில் ஒரு பந்து. சரி, எத்தனை அடி தாண்டினால் எஸே அக்கெல் ஆகும்? இங்கே லேடீஸ் சீட் என்ற காட்சிமுனையில் நின்றால் கீழே சேலம் ஊரே தெரிகிறது. அது அக்கெல் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எங்கள் நர்சரி வாசலில் இருக்கும் ரோஜாத் தொட்டிகள்? வேலியோரம் மிளகுக் கொடி ஏறி நிற்கும் சில்வர் ஓக்? நமக்கு எல்லாமே 'அந்த'தானே.

இரண்டாவது, எஸ்தோ. ஆண்பால், பெண்பால் தவிர எஸ்தோ, எஸோ, அக்கெய்யோ என்று மூன்றாவதாக ஒரு வரிசை இருக்கிறது. நம் அஃறிணை 'இது, அது' மாதிரி என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் பயிற்சியில் 'இது என் புத்தகம்' என்பதற்கு 'எஸ்தே எஸ் மி லிப்ரோ' என்று விடை கொடுத்திருக்கிறார்கள். புத்தகம் அஃறிணைதானே, அங்கே ஏன் எஸ்தோ வரவில்லை?

மூன்றாவது சின்னச் சந்தேகம். பழைய புத்தகக் கடையில் வாங்கிய இலக்கண நூலில் சில இடங்களில் எஸ்தே, எஸே எல்லாவற்றுக்கும் தலையில் ஒரு கோடு இருக்கிறது. புதுப் புத்தகத்தில் எங்கேயும் இல்லை. எதைப் பின்பற்றுவது?

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

அஸ்தம்பட்டி மாணவன் எழுதியது:

அக்கா, நானும் இப்போதுதான் ஏ1 முடித்தேன். தூரக் கணக்கு எனக்கும் குழப்பம்தான், பெரியவர்கள் யாராவது சொல்லட்டும். வடிவங்களை மட்டும் நான் எழுதி வைத்திருக்கிறபடி போடுகிறேன். ஆண் ஒருமை, பெண் ஒருமை, ஆண் பன்மை, பெண் பன்மை என்ற வரிசை:

எஸ்தே, எஸ்தா, எஸ்தோஸ், எஸ்தாஸ்
எஸே, எஸா, எஸோஸ், எஸாஸ்
அக்கெல், அக்கெய்யா, அக்கெய்யோஸ், அக்கெய்யாஸ்

நம் ஊரில் 'இந்தப் பையன், இந்தப் பொண்ணு, இந்த மாம்பழங்கள்' எல்லாவற்றுக்கும் 'இந்த' ஒன்றே போதும். அங்கே பின்னால் வரும் பெயர்ச்சொல்லைப் பார்த்துத்தான் முன்னால் சுட்டு. எஸ்தே மாங்கோ, எஸ்தோஸ் மாங்கோஸ். எஸ்தா மேஸா, எஸ்தாஸ் மேஸாஸ்.

ஒரு இடத்தில் மட்டும் ஜாக்கிரதை. ஆண்பால் என்றால் 'ஓ' என்று கை பழகியிருக்கும், லிப்ரோ பக்கத்தில் எஸ்தோ என்று எழுதத் தோன்றும். எஸ்தே லிப்ரோ என்பதுதான் சரி. பன்மையில் மட்டும் 'ஓ' வருகிறது, எஸ்தோஸ் லிப்ரோஸ்.

---

செவ்வாய்ப்பேட்டை டீச்சர் எழுதியது:

ஏற்காட்டுச் சகோதரிக்கு வணக்கம். எனக்கு சேலம் செவ்வாய்ப்பேட்டை. கீழே அண்ணனின் வெள்ளிப் பட்டறை, மாடியில் நான் ஆன்லைனில் ஸ்பானிஷ் வகுப்பு எடுக்கிறேன். முன்பு மெக்சிகோ வாடிக்கையாளர்களோடு போனில் பேசும் வேலையில் இருந்தேன். சுட்டுச்சொல் எனக்கு மிகவும் பிடித்த பாடம், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பந்துப் படத்தை மூடி வைத்துவிடுங்கள். அந்தப் படத்தில் ஒரே ஒரு ஆள் நிற்கிறார், கோளாறே அதில்தான் இருக்கிறது. ஸ்பானிஷ் சுட்டுக்கு இரண்டு பேர் வேண்டும், பேசுகிறவர் ஒருவர், கேட்கிறவர் ஒருவர். என் பக்கம் இருப்பது எஸ்தே. உங்கள் பக்கம் இருப்பது எஸே. இரண்டு பேர் பக்கமும் இல்லாதது அக்கெல். இதற்கு அடிக்கோல் தேவையே இல்லை. ஆந்திரேஸ் பேயோ 1847-இல் சிலியில் வெளியிட்ட ஸ்பானிஷ் இலக்கணத்திலேயே தன்மை, முன்னிலை என்று ஆட்களை வைத்துத்தான் இதை விளக்கியிருக்கிறார். பின்னால் வந்த பாடப்புத்தகங்கள் சுருக்குகிறோம் என்று 'பக்கம், நடு, தூரம்' ஆக்கிவிட்டன.

எங்கள் கடை மேசையில் வைத்துச் சொல்கிறேன். கொலுசுக்கு ஸ்பானிஷில் தொபியேரா, பெண்பால். நான் மேசைக்கு இந்தப் பக்கம், நீங்கள் அந்தப் பக்கம். நான் ஒரு கொலுசை எடுத்துக் காட்டுகிறேன்: எஸ்தா தொபியேரா. அதை நீங்கள் வாங்கிக் காலில் போட்டுப் பார்க்கிறீர்கள். இப்போது நான் அதைப் பற்றிப் பேசினால் எஸா தொபியேரா. அதே கொலுசு, அதே இரண்டடி தூரம், கை மாறியதும் என் வாயில் அதன் சுட்டு மாறிவிட்டது. உங்கள் வாயில் அது இப்போது எஸ்தா. கழற்றித் திருப்பிக் கொடுத்தால் மறுபடி எனக்கு எஸ்தா, உங்களுக்கு எஸா. நமக்குப் பின்னால் சுவரோரக் கண்ணாடி அலமாரியில் ஒரு ஜோடி தொங்குகிறது, அது நம் இருவருக்குமே அக்கெய்யா.

வகுப்பில் இதை நான் பொருளைக் கைமாற்றித்தான் நடத்துகிறேன். கொக்கி கான்ச்சோ, ஆண்பால்: எஸ்தே கான்ச்சோ. சலங்கை காஸ்கபெல், அதுவும் ஆண்பால். இரண்டு மூன்று சலங்கை உங்கள் உள்ளங்கையில் இருந்தால் எஸோஸ் காஸ்கபெலேஸ். பெட்டி காஹா, பெண்பால். அலமாரி உச்சியில் அடுக்கியிருந்தால் அக்கெய்யாஸ் காஹாஸ். நீங்களும் நர்சரிக்கு வரும் ஆட்களோடு மனசுக்குள் இப்படி விளையாடிப் பாருங்கள். வாங்குகிறவர் கையில் இருக்கும் தொட்டி எஸா, உங்கள் கையில் இருப்பது எஸ்தா.

இரண்டு பேரும் ஒரே பக்கம் சேர்ந்து நின்றால் என்ன என்று அடுத்து கேட்பீர்கள். அங்கேதான் தூரம் உள்ளே வருகிறது, அப்போதும் அளந்து வருவதில்லை. பேசுகிறவர் எப்படிப் பிரிக்க விரும்புகிறார் என்பதே கணக்கு. வாசல் ரோஜாவையும் வேலியோர சில்வர் ஓக்கையும் ஒரே பேச்சில் வேறுபடுத்திக் காட்ட வேண்டுமானால் ரோஜாவுக்கு எஸாஸ், மரத்துக்கு அக்கெல். சில்வர் ஓக்கைப் பற்றி மட்டும் பேசினால் எஸே ஆர்போல் என்று சொன்னாலும் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். லத்தீன் அமெரிக்க நாடுகள் பலவற்றில் அன்றாடப் பேச்சில் அக்கெல் குறைவாகவே வரும். போனில் மெக்சிகோக்காரர்களிடம் நான் கேட்டதெல்லாம் பெரும்பாலும் எஸ்தே, எஸே இரண்டும்தான். தேர்வில் மட்டும் வாக்கியத்துக்குள் குறிப்பு வைத்திருப்பார்கள். அக்கீ என்றால் இங்கே, அதோடு எஸ்தே. அ-ஈ என்றால் உங்கள் பக்கம், அதோடு எஸே. அய்யீ என்றால் அங்கே, அதோடு அக்கெல். முதலில் அந்த இடச்சொல்லைத் தேடுங்கள்.

இப்போது எஸ்தோ. உங்கள் கேள்விகளில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். தமிழ் பேசுகிற எல்லோரும் இடறுகிற இடம், அதற்குக் காரணமும் நீங்கள் சொன்ன அஃறிணைதான். நம் 'இது' மனிதரா, மற்றவையா என்று பார்க்கிறது. ஸ்பானிஷ் எஸ்தோ அதைப் பார்ப்பதே இல்லை. பெயர் தெரிந்த பொருள் எதுவானாலும் அது ஆண்பால் அல்லது பெண்பால், மூன்றாவது கிடையாது. நாற்காலி பெண், புத்தகம் ஆண். அப்படியானால் எஸ்தோ எதற்கு? பெயரே இன்னும் வைக்காத ஒன்றுக்கு. மூடிய பொட்டலத்தைக் காட்டி 'இது என்ன?' என்று கேட்டால் 'கே எஸ் எஸ்தோ?' உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது, தெரியாததற்கு ஆண் ஏது, பெண் ஏது. அப்புறம், ஒரு செய்தி, ஒரு நிலைமை, ஒருவர் சொன்ன ஒரு முழுப் பேச்சு. அதற்கும் பால் கிடையாது, அதனால் எஸ்தோ, எஸோ.

இதை வைத்து உங்கள் பயிற்சியைப் பாருங்கள். மேசையில் நாலு புத்தகம் கிடக்கிறது. ஒன்றைத் தொட்டு 'இது என்னுடைய புத்தகம்' என்கிறீர்கள். புத்தகம் என்று தெரிந்துதான் தொடுகிறீர்கள், லிப்ரோ மனதில் வந்துவிட்டது, ஆகவே எஸ்தே எஸ் மி லிப்ரோ. அதே புத்தகத்தைத் தாளில் சுற்றி உங்கள் பையன் கையில் கொடுத்து, அவன் 'கே எஸ் எஸ்தோ?' என்று கேட்டால், 'எஸோ எஸ் ஊன் லிப்ரோ', அது ஒரு புத்தகம் என்று பதில் சொல்லலாம், அது சரி. இப்போதுதான் அவனுக்குப் பெயர் தெரிய வருகிறது. பொருள் அதேதான், பெயர் சொன்ன பிறகு பேசுகிறோமா, சொல்வதற்கு முன்னால் பேசுகிறோமா என்பதே வித்தியாசம்.

இந்த எஸ்தோ வரிசைக்குப் பன்மை இல்லை. எஸ்தோஸ் என்பது எஸ்தேயின் பன்மை, எஸ்தோவின் பன்மை அல்ல. எஸ்தோ லிப்ரோ என்று பெயர்ச்சொல்லோடு ஒட்டியும் வராது, தனியாகத்தான் நிற்கும்.

கோட்டுச் சமாசாரம்: எஸ்தே, எஸே, அக்கெல் பெயர்ச்சொல் இல்லாமல் தனியே நின்றால் தலையில் கோடு போடும் வழக்கம் முன்பு இருந்தது. 1959-இல் நடைமுறைக்கு வந்த விதிகளே குழப்பம் வரும் இடத்தில் மட்டும் போட்டால் போதும் என்று தளர்த்திவிட்டன. 2010-இல் ஸ்பானிய மொழிக் கழகம் வெளியிட்ட எழுத்துமுறை நூல், குழப்பம் வரக்கூடிய இடத்திலும் அது இல்லாமல் எழுதலாம் என்றது. புதுப் புத்தகத்தையே பின்பற்றுங்கள். எஸ்தோ, எஸோ, அக்கெய்யோவுக்கு அந்தக் காலத்திலும் கோடு கிடையாது.

ஆனால் கோடு போட்ட இன்னொரு எஸ்தா இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். அது சுட்டு இல்லை, 'இருக்கிறது' என்ற வினை. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்று போலத் தெரியும். சுட்டுக்கு முதல் அசையில் அழுத்தம், வினைக்குக் கடைசி அசையில். 'எஸ்தா தொபியேரா எஸ்தா ரோத்தா', இந்தக் கொலுசு அறுந்திருக்கிறது. ஒரே வாக்கியத்தில் இரண்டும். இதை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள், காது பிரித்துக்கொள்ளும்.

---

ஏற்காடு நர்சரி எழுதியது:

டீச்சர், ரொம்ப நன்றி. கொலுசு கை மாறுகிற இடத்தில் சட்டென்று விளங்கிவிட்டது. புத்தகத்தில் இப்படி ஒரு வரி இருந்திருந்தால் எத்தனை ராத்திரி மிச்சமாகியிருக்கும்.

இன்னும் இரண்டு கேட்டுவிடுகிறேன். வீட்டுக்காரரோடு பேசுவதெல்லாம் வீடியோவில்தான். புதிதாக ஒரு கம்பளிக் கோட்டு வாங்கி அதைப் போட்டுக்கொண்டு காட்டினார். படம் என் கையில், ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. ஆள் எத்தனையோ ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார். கோட்டுக்கு நான் எஸ்தே சொல்ல வேண்டுமா, அக்கெல் சொல்ல வேண்டுமா?

இன்னொன்று, ஆட்களுக்கு இதைச் சொல்லலாமா? மாமியாரை அங்கே யாருக்காவது அறிமுகப்படுத்த வேண்டி வந்தால் எஸ்தா என்று சொல்வது மரியாதைக் குறைவாக இருக்காதா? 'இவள்' என்று சொல்வது மாதிரி ஒரு கூச்சம்.

---

யாழ்வாசி எழுதியது:

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்போது பார்சிலோனாவில் இருக்கிறேன். டீச்சர் சொன்ன எஸே எங்களுக்குப் புதிதில்லை. ஊரில் அம்மா 'உதை இங்கை கொண்டு வா' என்பார். உங்கள் கையில் இருக்கிற அதை என்று அர்த்தம். இது, உது, அது மூன்றும் எங்கள் வீட்டில் இன்றைக்கும் புழங்குகிறது. உந்தப் பொடியன், உங்கை, உவர் எல்லாம் உண்டு.

தொல்காப்பியத்திலும் சுட்டெழுத்து அ, இ, உ என்று மூன்றுதான். தமிழ்நாட்டுப் பேச்சில் உகரம் விட்டுப்போய்விட்டது, அவ்வளவுதான். உதுவும் எஸேயும் எல்லா இடத்திலும் அச்சாகப் பொருந்தும் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஸ்பானிஷ் படிக்க வந்தபோது எஸே என்று கேட்டதும் என் மனம் தானாக 'உந்த' என்று எடுத்துக்கொண்டது. நீங்களும் கொஞ்ச நாளைக்கு மனதுக்குள் 'இந்த, உந்த, அந்த' என்று சொல்லிப் பாருங்கோ. நம் மொழியில் இருந்த இடம்தானே, இரவல் வாங்க வேண்டியதில்லை.

இங்கே தெருவில் அதிகம் காதில் விழுவது எஸோ. 'ஆ எஸோ தே லாஸ் சிங்கோ' என்றால் ஐந்து மணி வாக்கில். 'போர் எஸோ' என்றால் அதனால்தான். நீங்கள் சொல்வது சரியாக இருந்தால் எதிரில் இருப்பவர் 'எஸோ எஸ்!' என்பார், அதேதான் என்று. இந்த மூன்றையும் சொற்றொடராகவே மனதில் வைத்துக்கொண்டால் வந்த முதல் வாரத்திலேயே உதவும்.

---

செவ்வாய்ப்பேட்டை டீச்சர் எழுதியது:

யாழ்வாசி எழுதியதைப் படித்து மனம் நிறைந்துவிட்டது. 'உந்த' என்று சொல்லிப் பழகுவது மிக நல்ல வழி, என் மாணவர்களுக்கும் சொல்லப் போகிறேன். ஸ்பானிஷ் வரலாற்றிலும் இந்த முன்னிலைச் சுட்டு இடம் மாறி வந்ததுதான். லத்தீனில் 'உன் பக்கத்தது' என்பதற்கு இஸ்தே என்று ஒரு சொல் இருந்தது. அதுதான் ஸ்பானிஷில் எஸ்தே ஆகி 'என் பக்கத்தது' என்று நகர்ந்துவிட்டது. காலியான முன்னிலை இடத்துக்கு, 'தானே' என்று பொருள்பட்ட இப்ஸே என்ற சொல் எஸே ஆகி வந்து உட்கார்ந்தது. ஒரு மொழியில் சுட்டு ஓரிடத்தில் குறைந்தால் இன்னொன்று வந்து அந்த இடத்தைப் பிடிக்கலாம், எங்கள் பேச்சில் போல அப்படியே விட்டும் போகலாம்.

எஸோ பற்றியும் ஒரு வார்த்தை. நீங்கள் இப்போது சொன்ன பேச்சு உங்களுடையது, ஆகவே அதற்கு நான் 'எஸோ' என்கிறேன். 'எஸோ எஸ் வெர்தாத்', நீங்கள் சொல்வது உண்மை. நான் சொல்லப் போகிற பேச்சு என்னுடையது, ஆகவே 'எஸ்கூச்சா எஸ்தோ', இதைக் கேள். கொலுசுக்கு இருக்கிற அதே வழக்கு பேச்சுக்கும் இருக்கிறது.

இனி உங்கள் வீடியோ. திரை உங்கள் கையில் இருந்தாலும் கோட்டு அவர் உடம்பில்தானே இருக்கிறது. அவருடைய பக்கம், ஆகவே 'மே குஸ்தா எஸே அப்ரீகோ', எனக்கு அந்தக் கோட்டு பிடித்திருக்கிறது. அவர் அதையே 'எஸ்தே அப்ரீகோ' என்பார். அங்கே குளிராக இருக்கிறதா என்று கேட்கும்போதும் அவர் இருக்கும் இடம் அ-ஈ. அவர் ஜன்னல் பக்கம் போனைத் திருப்பித் தூரத்தில் தெரியும் பிலார் பேராலயத்தின் கோபுரத்தைக் காட்டினால் அவருக்கு அது அக்கெய்யா தோர்ரே. அதை எஸா என்பதா அக்கெய்யா என்பதா என்பது உங்கள் விருப்பம். அவர் இருக்கும் ஊர் முழுவதையும் அவருடைய பக்கமாக நினைத்தால் எஸா, அவருக்கும் எட்டாத தூரம் என்று அவரோடு சேர்ந்து பார்த்தால் அக்கெய்யா. ஆனால் எஸ்தா மட்டும் வராது. கைபேசியின் கண்ணாடி கீறியிருந்தால் அதற்கு எஸ்தா சொல்லுங்கள், அது உங்கள் கையில் இருக்கிறது.

மாமியார் விஷயத்தில் உங்கள் கூச்சம் நியாயமானதுதான். அறிமுகத்துக்கு மட்டும் அது சரியான முறை. 'எஸ்தா எஸ் மி ஸுயேக்ரா', இவர் என் மாமியார். இதில் எந்தக் குறைவும் இல்லை, அங்கே எல்லோரும் அப்படித்தான் அறிமுகப்படுத்துவார்கள். 'எஸ்தோ' என்று மட்டும் ஒருபோதும் வாயில் வரக்கூடாது. பெயரில்லாத பொருளாக்கிவிடுவீர்கள்.

அறிமுகம் முடிந்த பிறகு அவர் கேட்கும்படி 'எஸ்தா அப்படிச் சொன்னாள்' என்பது போல வெறும் சுட்டால் பேசினால்தான் மரியாதை குறையும். அங்கே 'எய்யா' (அவர், பெண்பால்) என்று சொல்லுங்கள், தெரியாத பெரியவர் என்றால் 'எஸ்தா ஸென்யோரா', 'எஸ்தே ஸென்யோர்'. நம்மிடம் இவன், இவர் என்று சுட்டுக்குள்ளேயே மரியாதை இருக்கிறது. அவர்களிடம் சுட்டில் அது இல்லை. பக்கத்தில் வரும் ஸென்யோராதான் மரியாதையைச் சுமக்கிறது.

சுட்டைப் பெயருக்குப் பின்னால் போடும் வழக்கமும் ஒன்று உண்டு. 'எல் ஒம்ப்ரே எஸே' என்றால் 'அந்த ஆளு' என்கிற தொனி வந்துவிடும். கேட்டால் புரிந்துகொள்ளுங்கள், நீங்கள் சொல்ல அவசரப்பட வேண்டாம்.

---

அஸ்தம்பட்டி மாணவன் எழுதியது:

டீச்சர், நான் கேட்கிற மெக்சிகோ பாட்காஸ்டில் ஒருவர் நாலு வார்த்தைக்கு ஒரு தடவை 'எஸ்தே...' என்று இழுக்கிறார். பின்னால் பெயர்ச்சொல்லே வருவதில்லை. அது எதைச் சுட்டுகிறது?

---

செவ்வாய்ப்பேட்டை டீச்சர் எழுதியது:

எதையும் சுட்டவில்லை தம்பி. அடுத்த வார்த்தை கிடைக்கும் வரை நாம் 'அது வந்து...' என்று இழுப்போம் இல்லையா, அதேதான். மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் நிறையக் கேட்கலாம். வாக்கியத்தின் பொருளில் சேர்க்க வேண்டாம், தாண்டிப் போய்விடு.

எழுத்தில் வரும் இன்னொரு பயன்பாட்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், படித்துப் புரிந்துகொள்ளும் பகுதியில் வந்து நிற்கும். இரண்டு பெயர்களைச் சொல்லிவிட்டு 'முன்னது, பின்னது' என்று நாம் எழுதுவோம். அங்கே பின்னதுக்கு எஸ்தே, முன்னதுக்கு அக்கெல். சேலம், ஏற்காடு என்று இந்த வரிசையில் சொல்லிவிட்டு 'எஸ்தா' குளிர்ச்சி, 'அக்கெய்யா' வெயில் என்றால், குளிர்ச்சி ஏற்காட்டுக்கு. கடைசியாகச் சொன்னது வாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது, அதனால் அது எஸ்தா. நம் பழக்கத்தில் முதலில் சொன்னதை 'இது' என்று எடுக்கத் தோன்றும், அங்கே பொருள் தலைகீழாகிவிடும்.

காலத்துக்கும் இந்தச் சுட்டு வரும். எஸ்தா ஸெமானா இந்த வாரம், எஸ்தே ஆன்யோ இந்த வருடம். 'அந்தக் காலத்தில்' என்று பெரியவர்கள் ஆரம்பிப்பார்களே, அதற்கு 'என் அக்கெய்யோஸ் தியெம்போஸ்'. பேச்சில் அக்கெல் குறைந்துபோன நாடுகளில்கூட இந்த மாதிரி இடத்தில் அது உறுதியாக நிற்கிறது.

---

ஏற்காடு நர்சரி எழுதியது:

இன்று கடையில் ஆள் குறைவு, நாலு வாக்கியம் எழுதிப் பார்த்தேன். திருத்திக் கொடுங்கள்.

என் கையில் இருக்கும் ரோஜாக்கள்: எஸ்தாஸ் ரோஸாஸ்.
வாங்க வந்தவர் எடுத்துப் பார்க்கும் செடி: எஸா ப்ளான்தா.
வேலியோர மரம்: அக்கெல் ஆர்போல்.
குடத்துத் தண்ணீர் ரோஜாவுக்கு: இங்கே நின்றுவிட்டேன். 'எல் ஆகுவா' என்று ஆண்பால் மாதிரி படித்திருக்கிறேன். அப்படியானால் எஸ்தே ஆகுவாவா?

அதோடு ப்ரோப்லேமா, மாப்பா எல்லாம் 'ஆ'வில் முடிகிறதே, அவை எஸ்தாவா?

---

செவ்வாய்ப்பேட்டை டீச்சர் எழுதியது:

முதல் மூன்றும் சரி, கை தட்டுகிறேன்.

ப்ரோப்லேமா, மாப்பா, தீயா மூன்றும் 'ஆ'வில் முடிந்தாலும் ஆண்பால். எஸ்தே ப்ரோப்லேமா, எஸே மாப்பா, அக்கெல் தீயா. தீயா என்றால் நாள், ஆகவே 'அந்த நாள்' என்பது அக்கெல் தீயா. மறுபக்கம் மானோ (கை), ஃபோத்தோ (புகைப்படம்) இரண்டும் 'ஓ'வில் முடிந்தாலும் பெண்பால். எஸ்தா மானோ, எஸா ஃபோத்தோ. ஈற்றெழுத்தைப் பார்த்துச் சுட்டு போடாமல், சொல்லைப் படிக்கும்போதே ஆண்பாலுக்கு முன்னால் வரும் எல் அல்லது பெண்பாலுக்கு முன்னால் வரும் லா சேர்த்துப் படியுங்கள்.

தண்ணீரில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். ஆகுவா உண்மையில் பெண்பால். அழுத்தமான 'ஆ' ஒலியில் தொடங்குவதால், 'லா ஆகுவா' என்று இரண்டு ஆ மோதாமல் இருக்க 'எல்' போடுகிறார்கள். அந்தச் சலுகை சுட்டுக்குக் கிடையாது. ஸ்பெயின்காரர்களே பேச்சில் 'எஸ்தே ஆகுவா' என்று சொல்வது காதில் விழும். மொழிக் கழகம் அதை ஏற்பதில்லை, தேர்விலும் மதிப்பெண் போகும். ஆகவே எஸ்தா ஆகுவா. வகுப்பறையைக் குறிக்கும் ஆவுலாவும் இதே குடும்பம்தான்: எல் ஆவுலா, ஆனால் அக்கெய்யா ஆவுலா. பசியைக் குறிக்கும் ஆம்ப்ரேயும் அப்படியே, எழுத்தில் முன்னால் ஒரு ஹ இருந்தாலும் அது ஒலிப்பதில்லை: எல் ஆம்ப்ரே, எஸ்தா ஆம்ப்ரே.

நாலாவது வாக்கியத்தை இப்படி முடியுங்கள்: எஸ்தா ஆகுவா எஸ் பாரா லாஸ் ரோஸாஸ். குடம் வாங்க வந்தவர் கையில் இருந்தால் எஸா ஆகுவா.